பூட்டிய தோப்பும் காற்றடைத்த பலகையும்

என் கையெழுத்தைப் படிப்பது கஷ்டம். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். பிழையும் நிறைய இருக்கும். வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இதைத் தமாஷாகச் சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தன், காற்றடைத்த பலகையில் ஏறி நின்று துடுப்புப் போட்டு வயலுக்குப் போகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். டீக்கடையில் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி என் அண்ணன்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஆறு ஒன்று ஊரை ஒட்டி ஓடுகிறது. வீடுகள் வடகரையில். என் வயல் தென்கரையில், எங்கள் படித்துறைக்கு நேர் எதிரே. இங்கிருந்து பார்த்தால் வரப்பில் உட்கார்ந்திருக்கும் கொக்கு தெரியும். ஆனால் நடந்து போக வேண்டுமென்றால் மேற்கே பாலம் வரை போய், பாலத்தைத் தாண்டி, அண்ணனின் தென்னந்தோப்புக்குள் நுழைந்து வர வேண்டும். முன்பு ஆற்றங்கரை மேலேயே நடந்து வருவோம். ஒரு வெள்ளத்தில் கரை அரித்துக்கொண்டு போய், தோப்பின் கம்பி வேலியும் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. அதிலிருந்து தோப்புதான் வழி. வயலின் மறுபக்கம் வடிகால், இடுப்பளவு சேறு.

கோடையில் பிரச்சினை இல்லை. ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், நேரே நடந்துவிடலாம். அணை திறந்து தண்ணீர் வரும்போது ஊரே படித்துறைக்குப் போய்ப் பூப்போட்டுக் கும்பிடும். நான் மட்டும் போக மாட்டேன். ஏனென்றால் தண்ணீர் வந்த அன்றே அண்ணன் தோப்பு கேட்டைப் பூட்டிவிடுவார்.

பாகம் பிரித்தபோது அந்த வயல் எனக்கு வந்தது. தோப்பையும் அதையும் சேர்த்தால் ஒரே துண்டாகிவிடும் என்று அண்ணனுக்கு ஆசை. கேட்டார். முடியாது என்றேன். ஆள் விட்டுக் கேட்டார். அப்போதும் முடியாது என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை, பூட்டு வாங்கி வந்தார். வாயுள்ளவனாக இருந்தால் சத்தம் போட்டிருப்பான். என் வாயைப் பற்றி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஊர்க் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், துண்டை முறுக்கினேன், உட்கார்ந்துவிட்டேன். தாலுகா ஆபீசில் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தோப்புக்குள் பாதை எதுவும் காட்டவில்லையே என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பூட்டு எல்லோருக்கும் இல்லை. அண்ணன் வயலை உழுகிற டிராக்டர்காரர்தான் என் வயலையும் உழுகிறார். அவருக்குக் கேட் திறக்கும். நடவு ஆட்களுக்கும் திறக்கும். பறித்த நாற்றை வழியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பாவம். பகையாளி நாற்றாக இருந்தாலும் தலைச்சுமையோடு வருகிறவளை மறிக்க மாட்டார்கள். மறித்தால் அவன் வீட்டு நெல் பதராகும் என்பார்கள். அண்ணனும் அதற்குப் பயப்படுவார். அதனால் டிராக்டர் போகலாம், நாற்று போகலாம், நாய் போகலாம். நான் மட்டும் போகக் கூடாது.

ஆள் விட்டே பயிர் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு வயல் தெரியாது என்று அர்த்தம். தினமும் போய்ப் பார்க்காத வயலில் நண்டு வளை போடும். வளை வழியாக ஒரே ராத்திரியில் தண்ணீர் வடியும். தண்ணீர் வடிந்தால் களை ஏறும். போன வருஷம் அதுதான் நடந்தது. நான் இந்தக் கரையில் நின்றுகொண்டு, அந்தக் கரையில் என் பயிரைக் கோரை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தோப்பின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் தண்ணீர் வருவதற்கு முன்பே என் மனைவி சொல்லிவிட்டாள். “இந்தச் சம்பாவும் போன மாதிரி போச்சுன்னா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நானே உங்க அண்ணிகிட்டப் போய், வயலை எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிடுவேன். தினம் இந்தப் படித்துறையில நீங்க நிக்கிறதை என்னால பாக்க முடியல.”

அவள் சொன்னால் செய்வாள். ஆக, இந்தச் சம்பா தேறினால் வயல் என்னுடையது. இல்லாவிட்டால் அவருடையது.

முதலில் வாழை மரத்தைக் கட்டித் தெப்பம் செய்தேன். படித்துறையில் கட்டி வைத்தேன், காலையில் கயிறு மட்டும் இருந்தது. இன்னொன்று செய்தேன். அதுவும் போனது. அவிழ்த்து விட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததால் எழுதவில்லை. நீந்தியும் போனேன். நீந்தத் தெரியும், ஆனால் மண்வெட்டியையும் உரத்தையும் வைத்துக்கொண்டு எப்படி நீந்துவது? அப்போதுதான் எனக்குத் தோன்றியது, கரையில் விட்டுவிட்டு வருகிற எதுவும் நமக்கு ஆகாது. கையோடு வீட்டுக்குத் தூக்கி வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். அவள்தான் ‘பேடில் போர்டு’ என்று படம் அனுப்பினாள். காற்றடித்தால் பலகை, காற்றை விட்டால் பாய் மாதிரி சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். படத்தில் வெள்ளைக்காரர்கள் நாயையும் ஏற்றிக்கொண்டு கடலில் நின்றார்கள்.

“இது குழந்தைங்க விளையாடுறது மாதிரி இருக்கே” என்றேன்.

“அது வேற, இது வேறப்பா. இதுக்குள்ள மேல்தோலையும் கீழ்த்தோலையும் சேர்த்து ஆயிரக்கணக்கான நூல் இருக்கு. காத்து ஏறினா உருண்டையா உப்பாது. கட்டை மாதிரி நிக்கும்.”

ஒரு வாரம் அதையே பார்த்தோம். நீளமாக ஒல்லியாக இருப்பது வேகமாகப் போகும், ஆனால் ஆடும். அகலமானது மெதுவாகப் போகும், ஆடாது. எனக்கு வேகம் எதற்கு? அகலம் போதும் என்றேன். என்னையும் அரை மூட்டை உரத்தையும் தாங்குமா என்று பார்க்கச் சொன்னேன். மலிவாக ஒன்று இருந்தது, அது மெல்லிசு, நடுவில் வளையும் என்று வாங்கினவர்கள் எழுதியிருப்பதாகச் சொன்னாள். கனமான தோலாகவே தேர்ந்தெடுத்தோம். சண்டை வந்தது நிறத்தில்தான். அவள் ஆரஞ்சு வாங்கச் சொன்னாள்.

“தூரத்துலேர்ந்து தெரியணும்னுதான்ப்பா அந்தக் கலர்.”

“தெரியக் கூடாதுன்னுதாம்மா எனக்கு வேணும்.”

கரும்பச்சை வாங்கினோம். மிதவைச் சட்டையை மட்டும் அவள் ஆரஞ்சிலேயே அனுப்பிவிட்டாள். அதைப் போட மாட்டேன் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள்.

பார்சல் வந்த அன்று டீக்கடையில் பெரிய பேச்சு. “என்னண்ணே, காத்துப் பெட்டா? இந்த வயசுலயா?” என்று ஒருத்தர். “அண்ணன் பூட்டுப் போட்டா தம்பி பெட்டுப் போடுறான்” என்று இன்னொருத்தர். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் ஆள் வருவதற்கு முன்பே படித்துறைக்குப் போய்க் காற்றடித்தேன். பம்பின் தலையில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு முள் இருந்தது. அது அசையவே இல்லை, சரி, கெட்டுப்போனது போல என்று விட்டுவிட்டேன். சைக்கிள் ட்யூபைப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. போதும் என்று துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். சேற்று வயலைச் சமன் செய்ய மாட்டுக்குப் பின்னால் பரம்புப் பலகை கட்டி இழுப்போம். கனத்துக்கு அதன் மேல் ஒருத்தன் ஏறி நிற்பான். சின்ன வயதிலிருந்து அது என் வேலை. பலகையின் பின் விளிம்பில் காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். அதே மாதிரி இதிலும் பின் விளிம்பில் ஏறிச் சாய்ந்தேன். பரம்பில் முன்னால் மாடு இழுக்கும், அதனால் சாயலாம். இங்கே எது இழுக்கும்? பலகை நடுவில் வளைந்து மூக்கைத் தூக்கியது. நான் மல்லாந்து தண்ணீருக்குள் போனேன்.

எழுந்து மூச்சு விடும்போது அந்தக் கரையிலிருந்து சத்தம் வந்தது. அண்ணன் அதற்குள் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“பரம்பு அடிக்கிறான்டா. ஏன்டா, மாடு எங்கடா? மாட்டை வீட்டுல கட்டிப் போட்டுட்டியா?”

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். படித்துறையில் துவைக்க வந்த பெண்களும் சிரித்தார்கள். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். ஈரத்தோடு அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, இதை வாங்கியதற்குப் பதிலாக அரிவாள் வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன்.

மகள் போனில் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். பம்பு முள் கெட்டுப்போகவில்லை. காற்று ஏற ஏற, கடைசியில்தான் அது நகர ஆரம்பிக்கும். கட்டைவிரல் கணக்குச் செல்லாது. முள் நகர்ந்த பிறகு பம்பை அமுக்குவது நெல் மூட்டை தூக்குவது மாதிரி. மொத்த உடம்பையும் போட வேண்டியிருந்தது, ஆனால் பலகை வளையவில்லை. துடுப்பையும் நான் தப்பாகத்தான் பிடித்திருந்தேன். மண்வெட்டி மாதிரி உள்பக்கம் வளைவு வரும்படி வைத்து வாரினேன். அது முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். நிற்பது நடுவில், கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் கால், முட்டி கொஞ்சம் மடங்கி. முதலில் மண்டியிட்டுக் கொஞ்ச தூரம் போய், அப்புறம் எழுந்து நிற்க வேண்டும். கீழே பார்த்தால் விழுவோம், போகிற கரையைப் பார்க்க வேண்டும்.

போகிற கரையில்தான் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பழகினேன்.

மண்டியிட்டே போயிருக்கலாம். யாரும் இவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முன்னால் மண்டியிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கூச்சத்தைவிட அது பெரிதாக இருந்தது. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், ஆரஞ்சுச் சட்டையோடு, படித்துறையில் இருந்து என் வரப்பு வரை நின்றுகொண்டே போனேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். நீரோட்டம் கீழே தள்ளும், அதனால் தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் மூக்கை வைத்துச் சாய்வாகப் போக வேண்டும். ஆகாயத்தாமரை வந்தால், பலகை நேராகப் போக அடியில் வைத்திருக்கும் தகட்டில் சுற்றிக்கொள்ளும், இறங்கிப் பிய்க்க வேண்டும். மண்வெட்டி முனையைச் சாக்கில் சுற்றித்தான் ஏற்றுவேன். அந்தக் கரையில் கொஞ்சம் காற்றை இறக்கி நிழலில் போடுவேன், வெயிலில் கிடந்தால் தையல் விட்டுவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். சாயங்காலம் வீட்டுப் பக்கம் வந்ததும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தோப்பு வரை கேட்கும். கேட்கட்டும் என்றே திறப்பேன்.

நடவு புரட்டாசியில். நாற்றங்கால் என் வீட்டுப் பக்கம். நாற்றைப் பறித்துக் கட்டி, நடவுப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு பாலத்து வழியாகப் போனார்கள். அவர்களைக் கூட்டி வருகிற அக்கா எங்கள் ஊர்த் தெற்குத் தெருக்காரர். அண்ணன் வயலுக்கும் என் வயலுக்கும் அவர் ஆட்கள்தான். கேட் அன்று திறந்திருந்தது. நான் பலகையில் கிளம்பினேன்.

மேற்கே மழை பெய்து தண்ணீர் கூடியிருந்தது. வழக்கத்தைவிட வேகமாக இழுத்தது. கீழே தள்ளிவிடும் என்று பயந்து, இந்தக் கரையோரமாகவே அளவுக்கு மேல் மேற்கே ஏறிக் குறுக்கே திரும்பியதில், தோப்புக்கு நேரே வந்துவிட்டேன். பலகைக்கும் என் கணுக்காலுக்கும் ஒரு கயிறு உண்டு, விழுந்தால் பலகை தனியாகப் போகாமல் இருக்க. தோப்புப் பக்கம் வந்தபோது அந்தக் கயிறு எதிலோ மாட்டியது. தண்ணீருக்குள் கிடக்கும் அண்ணனின் பழைய கம்பி வேலிதான். சட்டென்று இழுத்துவிட்டது, நான் விழுந்தேன். பலகை ஒரு பக்கம் இழுக்கிறது, வேலி கயிற்றைப் பிடித்திருக்கிறது, நடுவில் என் கால். மிதவைச் சட்டை இருந்ததால் தலை மேலே இருந்தது. ஆனால் தண்ணீர் முகத்தில் ஏறி ஏறிப் போனது.

அண்ணன் கரையில் நின்றார். நாலு தென்னை மர தூரம்கூட இல்லை. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ‘அண்ணே’ என்று வந்திருக்க வேண்டும். வாயில் தண்ணீர்தான் போயிற்று. அவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

நாற்றோடு தோப்பில் வந்துகொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். அந்த அக்கா நாற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கரையின் விளிம்பில் நின்று கத்தினார். “கால்ல கட்டியிருக்கிறதை அவுரு தம்பி. பலகை போனாப் போவுது, காலை அவுரு.”

குனிந்து கணுக்காலில் இருந்த பட்டையைப் பிய்த்தேன். உடனே ஆறு என்னை விட்டுவிட்டது. அக்கா நீட்டிய தென்னை மட்டையைப் பிடித்து ஏறினேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, நான் நிற்பது தோப்பில்.

அண்ணன் அப்போது வாயைத் திறந்தார். “ஏறினது ஏறிட்டே. அப்படியே பாலத்துப் பக்கம் போயிடு. வயலுக்கு இப்படிப் போகாதே.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நாத்துக்கு வழி விடுறீங்க, சரி. மனுசன் தண்ணியில கெடக்கும்போது என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“நான் போறதுக்குள்ள நீ வந்துட்டே.”

“நீங்க எங்க வந்தீங்க? நட்ட மரமாட்டம் நின்னீங்க.”

நான் பாலத்துப் பக்கமும் போகவில்லை, வயல் பக்கமும் நடக்கவில்லை. திரும்ப ஆற்றில் இறங்கி, வேலியிலிருந்து கயிற்றை விடுவித்து, பலகையைப் பிடித்துக்கொண்டு கரையோரமாகவே மிதந்து என் வயலில் ஏறினேன்.   அன்று நடவு முடிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள், என் வயலில் அவ்வளவு சத்தமாக அவர்கள் போட்டதில்லை. தோப்பைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

கயிற்றைப் பற்றி மகளிடம் சொன்னபோது போனிலேயே அழுதாள். ஓடுகிற ஆற்றில் காலில் கட்டக் கூடாதாம், இடுப்பில் கட்டி, இழுத்தால் கழன்றுவிடுகிற பட்டை இருக்கிறதாம். அதை உடனே அனுப்பினாள். இப்போது அதுதான் கட்டுகிறேன்.

அடுத்த வாரம் அண்ணன் வயலுக்கு நடவு. அக்காவிடம் ஆள் விட்டார். ஆள் இல்லீங்க என்று பதில் வந்தது. மறுநாளும் ஆள் இல்லை. இல்லை என்று சொன்ன அந்தப் பெண்கள் எல்லாம் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். பறித்துப் போட்ட நாற்று மஞ்சளாக ஆரம்பித்தது. கடைசியில் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்து நட்டார். டீக்கடைப் பேச்சும் திரும்பிவிட்டது. முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களே இப்போது, “தம்பி முழுகுறதுக்குக் காவல் நின்னவரு வர்றாரு” என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். எனக்கு இவர்களிடமும் நன்றி கிடையாது. யார் பக்கம் காற்றோ அந்தப் பக்கம் சிரிக்கிறவர்கள்.

ஐப்பசியில் அண்ணி படித்துறையில் என் மனைவியிடம் சொன்னாராம். “பூட்டை எடுத்தாச்சு. போவச் சொல்லு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

மனைவி அதை வந்து சொன்னபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. “நாளைக்குத் தோப்பு வழியாவே போங்க” என்றாள்.

“போவலை.”

“ஏன்?”

“பூட்டைத்தானே எடுத்திருக்காரு. கேட் அங்கதானே இருக்கு.”

“கேட்டு இருந்தா உங்களுக்கு என்ன? தெறந்துதானே கெடக்குது.”

“தெறந்தவரு மூடுவாரு.”

அவளுக்கு ஆத்திரம். எனக்குப் பிடிவாதம் என்கிறாள். தண்ணீரில் செத்துப் பிழைத்தவன் திறந்த வழியில் போகாமல் திரும்பவும் தண்ணீரிலேயே போகிறானே என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ‘போகச் சொல்லு’ என்பது வழி இல்லை. அவர் மனம் வைத்தால் நான் என் வயலுக்குப் போகலாம் என்பது அது. அந்த வழியில் ஒரு நாள் நடந்துவிட்டால், அதற்குப் பிறகு என் வயல் அவர் கையில் இருக்கிறது. அவளிடம் இவ்வளவும் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவள் தோப்பு வழியாகப் போகிறாள். பகல் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, அண்ணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறாள். நான் காலையில் காற்றடித்து, நின்று, துடுப்புப் போட்டு வருகிறேன். அண்ணன் நாற்காலியில் இருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டாலும் நான் மன்னிக்கப் போவதில்லை, அவரும் கேட்கிற ஆளில்லை.

பயிர் இப்போது தொண்டைக்கதிர், கதிர் தோகைக்குள் திரண்டு நிற்கிறது. நண்டு வளையை இன்று காலையும் மிதித்து அடைத்தேன். கோரை இல்லை. மனைவி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வயலை விட்டுக்கொடுப்பதாக அண்ணியிடம் சொல்வேன் என்ற பழைய பேச்சை எடுக்காமல், சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.